இரண்டு ஜன்னல், ஒரு தாள்

1

இந்தக் கதை ஒரு பக்கக் கடிதத்திலிருந்து பிறந்தது. கடிதத்தை எழுதியவள் நான். கையெழுத்துப் போட்டவன் என் தம்பி. படித்து நம்பியவர்கள் ஓர் ஆஸ்பத்திரியின் விசாரணைக் குழுவில் இருக்கும் ஐந்து பேர். எங்கள் ஏழு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்டாவதாக ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளுக்குத்தான் ஆகப்போகிறது.

பத்தொன்பது வருடமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறேன். யார் செய்தது என்பதைக் கடைசி வாரம் வரை ஒளித்து வைப்பது என் தொழில். இந்தக் கதையில் அந்த வித்தை செல்லாது. யார் செய்தது, எப்படி நடந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கும் தெரிந்துவிடும். தெரியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

2

தொடக்கம் (முதல் முயற்சி):

"அவன் வெள்ளைப் பலகையில் இரண்டு ஜன்னல்களை வரைந்தபோது, அவற்றில் ஒன்றின் வழியாக மரணம் எட்டிப் —"

(அடித்துவிட்டேன். என் தொடர்களில் மரணம் இதுவரை நான்கு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டது. அதற்கும் கால் வலிக்காதா.)

தொடக்கம் (இரண்டாம் முயற்சி):

"வார்டு மூன்று. படுக்கை பதினொன்று. மாலை ஆறு மணி. ஊசியில் மருந்தை ஏற்றியபோது அவள் கை நடுங்க —"

(நடுங்கவில்லை. ஏன் நடுங்க வேண்டும்? எட்டு நாளாக அதே ஆளுக்கு, அதே நேரத்துக்கு, அதே ஊசி.)

மூன்றாம் முயற்சிக்கு முன் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சாஃப்ட்வேர்னு முதல் பத்தியில வந்தா ஜனங்க சமையல் பக்கத்துக்குப் போயிடுவாங்கம்மா."

"ஒரு ஆள் செத்துப் போறார் சார்."

"அது நல்லாருக்கு. டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவுல ஏதாவது உண்டா?"

"ஒரு கம்ப்யூட்டர் உண்டு."

"நான் சீரியஸா கேக்கறேன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன்."

3

என் தம்பியின் வேலையை அம்மா அக்கம்பக்கத்தில் "கம்ப்யூட்டருக்குப் பிளான் போடறான்" என்று சொல்லுவாள். தப்பில்லை. கட்டடம் கட்டுமுன் ஒருவர் வரைபடம் போடுவதில்லையா, அதுபோல் மென்பொருளுக்கு. எது எங்கே இருக்க வேண்டும், எதன் வழியாக எது போக வேண்டும், எங்கே கதவு, எங்கே சுவர்.

ஆஸ்பத்திரிகளுக்கான ஒரு மென்பொருளுக்கு அவன் பிளான் போட்டான். டாக்டர்கள் வீட்டிலிருந்தோ காரிலிருந்தோ இணையப் பக்கத்தில் நோயாளியின் விவரத்தைப் பார்க்கவேண்டும். வார்டில் இருக்கும் நர்ஸுகளுக்கு மேசைக் கணினியிலேயே நிறுவிய மென்பொருள் வேண்டும். ஏனென்றால் வார்டில் இணையம் வரும், போகும், எப்போது வரும் என்று அதற்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு விளக்கினான். முகம் மூன்று நாள் சவரம் காணாமல் இருந்தது.

"மூளை நடுவுல ஒண்ணுதான் இருக்கணும் அக்கா. டாக்டரோட வெப் பக்கமும் வார்டு கம்ப்யூட்டரும் வெறும் ஜன்னல். உள்ள இருக்கறதைக் காட்டணும், அவ்வளவுதான். ஜன்னல் யோசிக்க ஆரம்பிச்சா குடும்பம் ரெண்டாயிடும்."

"சரி, புரியுது."

"ஆனா வார்டுல லைன் போயிடுச்சுன்னா நர்ஸ் என்ன பண்ணுவாங்க? அதனால அந்த ஜன்னலுக்கு மட்டும் கொஞ்சம் ஞாபகசக்தி குடுத்தேன். மருந்து, காய்ச்சல் எல்லாம் எழுதியிருக்கற நோயாளியோட தாளை ஒரு நகல் எடுத்து வெச்சுக்கும். லைன் இல்லாதப்ப அதுல எழுதலாம். லைன் வந்ததும் நடுவுக்கு அனுப்பிடும்."

"அந்த நேரத்துல டாக்டர் அவர் ஜன்னல்ல வேற ஏதாவது மாத்தியிருந்தா?"

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். எட்டாம் வகுப்புக் கணக்கில் மூன்று தடவை தோற்றவள் நான்.

"இந்தக் கேள்வியை எங்க மீட்டிங்ல கேக்கறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றான்.

கேட்ட பிறகு மூன்று வழி யோசித்தார்களாம். முதல் வழி: இரண்டு தாளும் வேறுபட்டால் நர்ஸையே கேட்பது. திரையில் ஒரு பெட்டி எழும்பும், எது சரி என்று. ஒரு ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு ஷிப்டுக்கு நாற்பது பெட்டி எழும்பியது. இரண்டாம் நாளே எல்லோரும் படிக்காமல் 'சரி' அமுக்கினார்கள். மூன்றாம் நாள் புகார் வந்தது. பெட்டியை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் வழி: எழுதிய நேரத்தைப் பார்ப்பது. பிந்தி எழுதியது எதுவோ அது செல்லும். ஆனால் ஒரு வார்டுக் கணினியின் கடிகாரத்தில் பேட்டரி செத்து, அது மூன்று வருடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்புவது எப்படி?

மூன்றாம் வழி: நடுவுக்கு எது கடைசியாக வந்து சேர்கிறதோ அது செல்லும். சுலபம். சண்டை இல்லை. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவன் என் தம்பி.

இன்னொன்றும் செய்தான். (இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.) மாற்றிய வரியை மட்டும் அனுப்புவதுதான் முறை. அதைச் செய்ய இன்னும் மூன்று மாதம் ஆகும். இப்போதைக்கு முழுத் தாளையும் அப்படியே அனுப்பட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டான். வரைபடத்தின் ஓரத்தில் 'பிறகு' என்று எழுதியும் வைத்திருந்தான்.

4

இனி நடந்தது. இதை அலங்காரம் இல்லாமல் எழுதப்போகிறேன். ஆசிரியர் கோபித்துக்கொள்ளட்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வார்டு மூன்றில் இணையம் போனது.

இரண்டரைக்கு டாக்டர் வீட்டில் சாப்பிட்டு முடித்துவிட்டு, பதினொன்றாம் படுக்கைக்காரரின் ரத்தப் பரிசோதனை முடிவை இணையப் பக்கத்தில் பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி அளவுக்கு மேல் வேலை செய்துவிட்டது. இனி ஒரு ஊசி போட்டாலும் ஆபத்து. மருந்தை நிறுத்தினார். ஒரே ஒரு சொடுக்கு.*

மூன்று மணிக்கு நர்ஸ் அதே நோயாளிக்குக் காய்ச்சல் பார்த்தாள். தொண்ணூற்று ஒன்பது புள்ளி நான்கு. வார்டுக் கணினியில் இருந்த பழைய நகலில் அந்த எண்ணை எழுதினாள். வேறு எதையும் தொடவில்லை.

நாலு பத்துக்கு இணையம் வந்தது. கணினி தன்னிடமிருந்த தாளை முழுசாக நடுவுக்கு அனுப்பியது. காய்ச்சலோடு சேர்ந்து, டாக்டர் நிறுத்திய ஊசியும் போனது, நிறுத்தப்படாததாக. கடைசியாக வந்து சேர்ந்தது அதுதான். அது செல்லுபடியானது.

ஆறு மணிக்கு அவள் திரையைப் பார்த்தாள். ஊசி இருந்தது. போட்டாள்.

மறுநாள் காலை அவர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார்.

* இந்த மென்பொருள் வருவதற்கு முன்னால் டாக்டர் வார்டுக்குப் போன் போட்டிருப்பார். "சிஸ்டர், பதினொண்ணுக்கு ஊசி வேண்டாம்." ஏழு விநாடி. "இப்ப ஏன் சார் போன் பண்ணல?" என்று குழு கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "சிஸ்டத்துல போட்டுட்டேனே."

5

தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது கதை சொல்ல அல்ல.

"கமிட்டிக்கு ஒரு பக்கம் கடிதம் குடுக்கணும் அக்கா. சிஸ்டம் ஒழுங்கா வேலை செஞ்சுதான்னு. நான் நாலு தடவை எழுதிப் பாத்துட்டேன். பொய் சொல்ற மாதிரியே இருக்கு."

"நான் எழுதினா?"

"நீ எழுதினா நம்புவாங்க."

இந்தப் பாராட்டுக்கு நான் சிரித்தேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

"அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லியாடா?"

"நான் யார் மேலயும் சொல்லல. டாக்டர் நிறுத்தினது ரெண்டரைக்கு. வார்டு கம்ப்யூட்டர்லேர்ந்து, அவங்க பேர்ல, தாள் பதிவானது நாலு பத்துக்கு. அதுல மருந்து இருக்கு. இது மூணும் நிஜம். நிஜத்தை மட்டும்தானே எழுதச் சொல்றேன்?"

"மிச்ச நிஜம்?"

"மிச்சத்தைச் சொன்னா நாளைக்கே கம்பெனியை மூடணும். நாப்பது ஆஸ்பத்திரியில ஓடுது. அறுபது பேர் வேலை. என் பொண்ணுக்கு இப்பத்தான் மூணு வயசு. அக்கா, ப்ளீஸ்."

எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று நிஜங்களையும் எந்த வரிசையில் வைத்தால் வாசிப்பவர் தானாகவே நான்காவதை நினைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். 'நர்ஸ் மருந்தை மறுபடி சேர்த்தாள்' என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது. ஐந்து பேரும் அதைத்தான் படித்தார்கள்.

(சொல்லவே கூசுகிறது. நன்றாக வந்திருந்தது அந்தப் பக்கம்.)

6

தம்பி என்ற பாத்திரம் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். அலுவலகக் கண்ணாடி அருகே நின்று சிகரெட் பிடிப்பவனாக. அவனுக்குச் சிகரெட் வாடையே ஆகாது. இரண்டாம் வரைவில் நல்லவனாக எழுதினேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

நிஜத்தில் அவன் செய்ததை மட்டும் வைக்கிறேன். ஆள் இறந்த மூன்றாம் நாளே அந்த விதியை மாற்ற ஆரம்பித்துவிட்டான். மாற்றிய வரி மட்டும் போகும்படி, மூன்று மாத வேலையை எட்டுப் பேரை உட்காரவைத்து எட்டு நாளில் முடித்து, நாற்பது ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவிட்டான். கூடவே அனுப்பிய குறிப்பில் 'சிறு மேம்பாடுகள்' என்று மட்டும் இருந்தது.

"இனிமே யாருக்கும் நடக்காது அக்கா" என்றான். அதை அவன் ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னான். நல்ல செய்திதான்.

"முன்னாடி வேற யாருக்காவது நடந்திருக்குமா?"

"தெரியாது."

"தேடிப் பாத்தியா?"

தண்ணீர் கேட்டான். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டான்.

7

மன்னிக்கவும். ஆறு பகுதி எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன், இறந்தவரைப் 'பதினொன்றாம் படுக்கை' என்பதைத் தாண்டி நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் வரைபடத்திலும் அவர் ஒரு தாள்தான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஐம்பத்து நான்கு வயது. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப்போய் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பயந்தவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுத் தருவார் என்று பெயர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பழக்கத்தில், சினிமா பார்க்கும்போதும் வலது கால் தரையில் பிரேக் தேடுமாம். அவர் மனைவி குழுவின் முன்னால் கேட்டது ஒரே கேள்வி. "டாக்டர் நிறுத்தின மருந்தை யாரு திரும்பப் போட்டது?"

எல்லோரும் நர்ஸைப் பார்த்தார்கள்.

8

நர்ஸைப் பார்க்க நான் போனது சனிக்கிழமை. ஏன் போனேன்? கதையில் நர்ஸ் பாத்திரம் நிற்கவில்லை, அதற்கு விவரம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாடியில் ஒரு அறை. கொடியில் இரண்டு வெள்ளைச் சீருடை, துவைத்துக் காய்ந்து, மடிக்காமல். வீட்டுக்காரர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் மகள் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் என் பேரைச் சொன்னதும் நர்ஸ் முகம் மலர்ந்ததுதான் என்னால் தாங்க முடியாதது.

"நீங்களா! அந்த ரெட்டைக் கொலை கதை நீங்கதானே எழுதினது? டூட்டி ரூம்ல ஒரே சண்டை மேடம், யாரு முதல்ல படிக்கறதுன்னு. அந்தத் தையல்காரர்தான் பண்ணியிருப்பார்னு நான் மூணாவது வாரமே சொல்லிட்டேன்."

"நீங்க கெட்டிக்காரி."

"எங்க மேடம், சொந்தக் கதையில கண்டுபிடிக்க முடியலயே."

சிரித்தாள். மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

பத்திரிகைக்காக விசாரிக்கிறேன் என்றேன். என் தம்பி யார் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

"காய்ச்சல் மட்டும்தான் போட்டேன்னு கமிட்டியில தலையால அடிச்சுக்கிட்டேன். நாலு பத்துக்கு நான் கம்ப்யூட்டர் பக்கமே இல்ல, எட்டாம் படுக்கைக்குக் கட்டு மாத்திக்கிட்டிருந்தேன். உங்க பேர்லதானே பதிவாயிருக்குன்னாங்க. கம்ப்யூட்டர் தானா எழுதுமான்னு கேட்டாங்க. எழுதாதுதானே மேடம்?"

நான் அவள் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல் வாரம் உறுதியா இருந்தேன்" என்றாள், குரலைத் தணித்து. "இப்ப என்னமோ ஞாபகம் வருது. அந்த ஊசி பேர் மேல விரல் வெச்ச மாதிரி. அமுக்கின மாதிரி. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிவாகுது. நான்தான் பண்ணியிருப்பேன் போல அக்கா."

மேடம் எப்போது அக்கா ஆனது என்று கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை கடைசி விசாரணை. ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலையோடு போகும், போலீஸுக்குப் போக மாட்டோம் என்று மேட்ரன் தனியாகச் சொல்லியிருக்கிறாராம். ஒத்துக்கொண்டவளை வேறு எந்த ஆஸ்பத்திரியும் எடுக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"எனக்கு இதெல்லாம் எழுத வராதுக்கா. நீங்க ஒரு பக்கம் எழுதித் தர்றீங்களா? நீங்க எழுதினா மனசு இறங்குவாங்க."

(இந்த இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்துகிறேன். தொடர்கதையில் இப்படி ஒரு திருப்பம் வைத்தால் அபத்தம் என்று ஆசிரியர் அடித்துவிடுவார். நானும் அடிக்கத்தான் பார்த்தேன். அவள் கேட்டது அடிபடவில்லை.)

புதன்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

9

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. தம்பி மனம் மாறுகிறான். விசாரணை நடக்கும் அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "தப்பு என்னோடது" என்கிறான். (செவ்வாய்க்கிழமை போன் போட்டேன். அவளைப் பார்த்ததைச் சொன்னேன். "உன்னை யாரு அங்க போகச் சொன்னது?" என்றான். வைத்துவிட்டான். ஆகவே அ இல்லை.)

ஆ. அக்கா மனம் மாறுகிறாள். குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதுகிறாள். நர்ஸ் தப்பிக்கிறாள். கம்பெனி போகிறது, தம்பி உள்ளே போனாலும் போவான். அம்மா அக்காவின் வீட்டுப் படி மிதிப்பதில்லை. நாற்பது ஆஸ்பத்திரியிலும் பழைய தாள்களைத் தோண்டுகிறார்கள். ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கிடைக்கவும் செய்யலாம். அப்போது அந்த வீடுகளுக்கெல்லாம் யார் போய் —

இ. கடிதம் அழகாக அமைகிறது. குழு மனம் இறங்குகிறது. போலீஸ் வரவில்லை. அவள் ஒரு மருந்துக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறாள். எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். வருடம் போகப் போக அந்த விரல் அமுக்கிய ஞாபகம் அவளுக்கு இன்னும் தெளிவாகிறது.

இந்த மூன்றில் இ எழுதத்தான் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. ஒரே மூச்சில் வந்தது. அதனாலேயே அதைக் கண்டு பயமாக இருக்கிறது.

10

இன்று புதன். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள். நாலு பழம் ஒரு பையில் கொண்டுவந்திருக்கிறாள். மேசைக்கு எதிரே, நாற்காலியின் நுனியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாளாம்.

'மதிப்பிற்குரிய விசாரணைக் குழுவினருக்கு' என்பது வரை எழுதியாயிற்று. அந்த ஒரு வரி எந்தக் கடிதத்துக்கும் பொருந்தும். அதற்குக் கீழே தாள் காலியாக இருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள், இனி என் இடம் உங்களுடையது. எனக்குத் தெரிந்தது அத்தனையும் இப்போது உங்களுக்கும் தெரியும். சம்பந்தமில்லை என்று எழுந்து போக உங்களுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தேன், இந்தக் கதையில் அப்படி ஒன்றை நான் வைத்ததாக ஞாபகம் இல்லை. அவள் உங்கள் தம்பியைப் பார்த்ததில்லை. உங்கள் தம்பி அவளைப் பார்க்கப்போவதும் இல்லை. இரண்டு பேரையும் பார்த்தது நீங்கள் மட்டும்தான்.

உட்காருங்கள். பார்வையைத் தாழ்த்திக்கொள்ளாதீர்கள், அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் முன்னால் சாய்கிறாள். உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம் அவள் முகத்தில் தெரிகிறது.

"என்னக்கா, வார்த்தை வரலியா? நான் வேணா சொல்லிக்கிட்டே வரட்டுமா?"